பங்கு வைத்த நீல மெஷின்

தோக்மொக்,
செப்டம்பர் 14

சம்பந்தியம்மா உரும்கான் அவர்களுக்கு, மீரிமின் அம்மா ஜூரா எழுதுவது.

நலம் விசாரிப்பதை முதலில் முடித்துவிடுகிறேன். நீங்கள், சம்பந்தி ஐயா, மாடு கன்று எல்லாரும் நலம்தானே. நல்லது.

நேற்று நான் பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டீர்கள். அதனால்தான் கடிதம். இதையும் பாதியில் மடித்து வைக்கலாம், ஆனால் சொல்ல வந்தது உள்ளேயே இருக்கும். மினிபஸ் ஓட்டுகிற பையனிடம் உங்கள் கையிலேயே கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை தையல் கடையில் பள்ளிச் சீருடைகளுக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் வாசலில் மீரிம். நாலு மாத வயிறு, கையில் ஒரே ஒரு பை. டீ கேட்டாள். குடித்தாள். ரொட்டி கேட்டாள். தின்றாள். அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்தாள்.

ஏப்ரலில் நாங்கள் அனுப்பிய சீரில் மெத்தை, கம்பளம், பீங்கான் எல்லாவற்றோடும் ஒரு நீலப் பெட்டி வந்ததே, நினைவிருக்கிறதா? துளை போட ஒரு டிரில்லிங் மெஷின், பலகை அறுக்க ஒரு ஜிக்சா மெஷின், இரண்டுக்கும் பொதுவாக இரண்டு பேட்டரி, ஒரு சார்ஜர். உங்கள் மலையூர் அத்பாஷியில் குளிர்காலத்தில் கரண்ட் எப்போது போகும் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது என்பதால், வயர் இல்லாததாகப் பார்த்து வாங்கியது. மீரிமேதான் தேர்ந்தெடுத்தாள். போன குளிர்காலம் பூராவும், மீசை வைத்த ரஷ்யர்கள் மெஷின்களை ஒன்றோடொன்று போட்டிக்கு விடும் படங்களையே போனில் பார்த்துக்கொண்டிருந்தாள். "மெஷினப் பாத்து வாங்கக் கூடாதும்மா, பேட்டரியப் பாத்து வாங்கணும். வருஷத்துக்கு ஒரு மெஷினா சேத்துக்கிட்டே போலாம், எல்லாத்துக்கும் அதே பேட்டரி" என்று எனக்குப் பாடம் எடுத்தாள். மற்றப் பெண்கள் சீரில் ரோமக் கோட்டு கேட்பார்கள். இவள் கோட்டை வேண்டாம் என்று சொல்லித்தான் அந்தப் பெட்டியைக் கேட்டாள்.

அதை நீங்கள் என்ன செய்தீர்கள்? ஆட்டை வெட்டி விருந்தாளிகளுக்குப் பங்கு வைப்பதுபோல் பங்கு வைத்தீர்கள். டிரில்லிங் மெஷின் உங்கள் மூத்த மகன் மெலிஸுக்கு. ஜிக்சா உங்கள் நாத்தனார் ஜீபெக்குக்கு. சார்ஜர் உங்கள் வீட்டுக்காரரின் அண்ணன் அசிம்பெக் அவர்களுக்கு. பேட்டரி இரண்டும் என் மகளுக்கு, ஏனென்றால் அது என்னவென்றே அங்கே யாருக்கும் தெரியவில்லை. தலை ஒரு வீட்டுக்கும் தொடை ஒரு வீட்டுக்கும் போனால் ஆட்டுக்கறி எல்லா வீட்டிலும் வேகும் சம்பந்தியம்மா. இது வேகுமா?

இப்போது உங்கள் கடைசி மகனும் என் மகளும் குடியிருக்கப் புது அறை கட்டுகிறார்கள். கூரைக்கு அடியில் பலகை அடிக்க வேண்டும். மீரிம் ஒரு பேட்டரியைக் கையில் எடுத்துக்கொண்டு மெலிஸ் வீட்டுக்குப் போயிருக்கிறாள். மெலிஸ் மனைவி ஷைர் சொன்னாளாம்: "எடுத்துட்டுப் போ. ஆனா ரெண்டு நாள்ல கொண்டாந்துடணும், எங்களுக்கும் வேலை இருக்கு." தன் மெஷினைத் தானே இரவல் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தால் பேட்டரியில் சார்ஜ் இல்லை. சார்ஜருக்குப் போனால் அசிம்பெக் அவர்கள் மலை மேய்ச்சலுக்குப் போயிருக்கிறார், கண்ணாடி அலமாரி பூட்டியிருக்கிறது. மெஷினை அப்படியே ஷைர் வீட்டு வாசலில் வைத்துவிட்டு பஸ் ஏறிவிட்டாள்.

பெட்டி முழுசாக அவள் கைக்கு வரட்டும். அன்றைக்கு அவள் வருவாள்.

ஜூரா


அத்பாஷி,
செப்டம்பர் 21

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு உரும்கான் வணக்கம் சொல்லி எழுதுவது.

நாங்கள் நலம். சிவப்புப் பசு மட்டும் இரண்டு நாளாகச் சரியாகத் தின்னவில்லை. போனை நான் வேண்டுமென்று வைக்கவில்லை. நீங்கள் போட்ட சத்தத்தில் என் கை தானாகவே வைத்துவிட்டது.

உங்களைப்போல் எனக்கு ஊசியால் குத்தி எழுத வராது. நடந்ததைச் சொல்கிறேன். கேளுங்கள்.

எங்கள் குடும்பத்தில் சீர்ப்பெட்டி திறந்தால் மாப்பிள்ளை பக்கத்துப் பெரியவர்கள் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்வார்கள். ஒருத்தி மெத்தை எடுப்பாள், ஒருத்தி சால்வை எடுப்பாள். உங்கள் தோக்மொக்கில் இல்லை என்றால் அது தோக்மொக்கின் விஷயம். அன்றைக்கும் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பெட்டியைத் திறந்தோம். மெத்தையை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, எல்லார் கண்ணும் அந்த நீலத்தின் மேல்தான். மெலிஸ் டிரில்லைக் கையில் எடுத்தான். அவன் மூத்தவன், நான் என்ன, பிடுங்குவதா? நாத்தனார் ஜீபெக் ஜிக்சாவை மடியில் வைத்துக்கொண்டாள். பெரியவர் அசிம்பெக்குக்கு மரியாதையாக ஏதாவது வைக்க வேண்டுமே. வயரோடு இருந்த அந்தக் கறுப்புப் பெட்டிதான் பார்க்கக் கனமாக, முக்கியமாகத் தெரிந்தது. வைத்தோம். இன்றைக்கும் அவர் அதைக் கிண்ணங்களுக்கு நடுவில் வைத்திருக்கிறார். விருந்தாளி வந்தால் செருகிக் காட்டுவார், சின்னதாக ஒரு விளக்கு எரியும். அவருக்கு அதில் அவ்வளவு பெருமை. அவரிடம் போய் அதைக் கேட்டுவிட்டு அவர் முகத்தில் யார் முழிப்பது?

நீங்கள் என்னைக் கேட்டீர்களே, நானும் கேட்கிறேன். எங்கள் வீட்டில் மெஷினே இல்லையா? மெலிஸ் ரஷ்யாவில் வேலை பார்த்தபோது பச்சை மெஷின்கள் கொண்டுவந்தான். துளை போடுவது, இரும்பு அறுப்பது எல்லாம் பச்சை. நாங்கள் பச்சை வீடு என்று ஊருக்கே தெரியும். சீர் வாங்குவதற்கு முன்னால் ஒரு வார்த்தை, "சம்பந்தியம்மா, உங்க வீட்ல என்ன கலர்?" என்று கேட்டிருந்தால் குறைந்தா போயிருப்பீர்கள்? பச்சையே வாங்கியிருந்தால் அண்ணன் பேட்டரி தம்பிக்கு ஆகியிருக்கும், தம்பி பேட்டரி அண்ணனுக்கு ஆகியிருக்கும். நீங்கள் நீலத்தைக் கொண்டுவந்து நடுவில் போட்டீர்கள். போதாததற்கு, பெண் வீட்டிலிருந்து மெஷின் வந்தால் ஊர் என்ன சொல்லும்? "உரும்கான் பையனுக்கு ஆணி அடிக்கத் தெரியாது போல" என்று என் காது படவே சொன்னார்கள். அதையும் விழுங்கிக்கொண்டேன்.

கொடுத்த பங்கைத் திருப்பிக் கேட்பது எங்களிடம் கிடையாது. தட்டில் வைத்த கறியை எடுத்துக்கொள்வதும் அதுவும் ஒன்று. என் உயிரே போனாலும் கேட்கமாட்டேன். மீரிமை அனுப்பிவையுங்கள். பிள்ளைத்தாய்ச்சிப் பெண் ஒரு மெஷினுக்காக அம்மா வீட்டில் உட்கார்ந்திருப்பது யாருக்கும் அழகில்லை.

தேன் ஒரு ஜாடி அனுப்பியிருக்கிறேன். கோபம் உங்கள் மேல்தான், தேன் அவளுக்கு.

உரும்கான்


தோக்மொக்,
செப்டம்பர் 29

சம்பந்தியம்மா,

தேனை அவள் தின்றுவிட்டாள். ஜாடியை மாப்பிள்ளை தாலாயிடம் கொடுத்தனுப்புகிறேன்.

ஆமாம், தாலாய் வந்திருந்தார். நீங்கள் அனுப்பினீர்களோ தானாக வந்தாரோ தெரியாது, நல்ல பிள்ளை, குறை சொல்லமாட்டேன். ஆனால் வாயில்லாப் பூச்சி. பாதி ஆட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து, சமையல்கட்டில் இறக்கிவிட்டு, தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். மீரிம் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"உங்க அண்ணன்கிட்டப் போயி நீங்க கேட்டீங்களா?"

"எப்பிடி மீரிம் கேக்கறது?"

"வாயாலதான்."

டீ ஆறிவிட்டது. பேச்சு வளர்ந்தபோது பாவம் அவர் வாயிலிருந்தே அடுத்த விஷயம் வந்தது. அதை நீங்கள் எனக்கு எழுதவில்லை. மறந்துவிட்டீர்கள் போலிருக்கிறது.

மீரிம் பஸ் ஏறின மறுவாரமே மெலிஸ் உங்கள் வீட்டுக்கு வந்து, என் மகளின் அலமாரியிலிருந்து ஒரு நீல பேட்டரியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். அது பச்சை மெஷினில் ஏறவில்லை. ஏறாது. ஏறக் கூடாது என்றுதான் ஒவ்வொரு கம்பெனிக்காரனும் அடியில் வேறு வேறு மாதிரி வரம்பு வைத்துச் செய்கிறான். இவர் கத்தியை எடுத்து அந்த வரம்பைச் சீவியிருக்கிறார். குதிரைக் குளம்பைச் சீவுவதுபோல் சீவி, உள்ளே திணித்து, பொத்தானை அழுத்தியிருக்கிறார். புகை வந்ததாம். பேட்டரி செத்துவிட்டது.

சம்பந்தியம்மா, நான் கேட்கிறேன். அலமாரியைத் திறந்தது யார்? யாரைக் கேட்டுத் திறந்தார்? நீங்கள் அப்போது வீட்டில் இருந்தீர்களா? இருந்தால் என்ன சொன்னீர்கள்? என் மகள் அந்த வீட்டில் மனுஷியா, கிள்ளுக்கீரையா?

"என்ன கலர்" என்று நான் கேட்டிருக்க வேண்டும் என்கிறீர்கள். சரி, அந்த ஒரு வார்த்தை நியாயம். கேட்டிருக்கலாம். ஆனால் கேட்டிருந்தாலும் மீரிம் பச்சையை எடுத்திருக்கமாட்டாள். உங்கள் பச்சைக்குப் பேட்டரி இந்த நாட்டில் கிடைக்காது, ரஷ்யாவிலிருந்து யாராவது பையில் போட்டுக்கொண்டு வர வேண்டும். மெலிஸிடம் இருக்கும் இரண்டில் ஒன்று எப்போதோ படுத்துவிட்டது, தாலாயே சொன்னார். நீலத்துக்கு உங்கள் பக்கத்து நாரின் சந்தையில் கடை இருக்கிறது, பழுது பார்க்க ஆள் இருக்கிறது. அவள் அதையெல்லாம் விசாரித்துத்தான் வாங்கினாள். உங்கள் வீட்டில் காலம் பூராவும் வாழப்போகிறவள் என்று நினைத்து வாங்கினாள்.

அவள் இங்கேயே இருப்பாள்.

ஜூரா


அத்பாஷி,
அக்டோபர் 8

சம்பந்தியம்மா ஜூராவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு மாடு கறக்கப் போனேன். ஆத்திரத்தில் வாளியைத் தட்டிப் பாலைக் கொட்டிவிட்டேன். அதற்காக எழுதமாட்டேன் என்று நினைக்காதீர்கள்.

மெலிஸ் வந்தபோது நான் வீட்டில்தான் இருந்தேன். "அம்மா, அந்த நீலக் கட்டி ஒண்ணு எடுத்துக்கறேன்" என்றான். எடுத்துக்கொள் என்றேன். பெற்ற மகன் கேட்கிறான், என்ன சொல்வது? அது செத்துப்போகும் என்று எனக்கு எப்படித் தெரியும்? அவனை நாலு பேர் முன்னால் திட்டினேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்று சொல்லவா? நீங்கள் பேட்டரியைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. மகளைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். வீட்டுக்காரர் போன பிறகு தனியாகத்தானே இருந்தீர்கள். இப்போது காலையில் எழுந்தால் பேச ஆள் இருக்கிறது. டீ ஊற்ற ஆள் இருக்கிறது. அந்தப் பெட்டி நாளைக்கே முழுசாக வந்தாலும் நீங்கள் வேறு ஒன்று கண்டுபிடிப்பீர்கள். இல்லை என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள் பார்ப்போம்.

இங்கே காலையில் மாட்டுத் தொட்டியில் தண்ணீர் உறைய ஆரம்பித்துவிட்டது. அறைக்குச் சுவர் ஏறிவிட்டது, கூரை போட்டாகிவிட்டது, அடுப்பும் வைத்தாகிவிட்டது. மேலே பலகை இல்லை, கீழே தரை இல்லை. தாலாய் சுத்தியலை வைத்துக்கொண்டு தனியாகத் தட்டிக்கொண்டிருக்கிறான். சாயங்காலம் வந்து சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுகிறான். பனி இறங்கிவிட்டால் அந்த அறையை வசந்தம் வரைக்கும் தொட முடியாது. பிள்ளை பிறந்து எங்கே படுக்கும்? உங்கள் தையல் மேஜையின் மேலா?

திருப்பிக் கேட்கமாட்டேன் என்று சொன்னேன். கேட்கப்போவதில்லை. ஆனால் எனக்கும் மூளை இருக்கிறது. வருகிற சனிக்கிழமை ஆஷார் வைத்திருக்கிறேன். ஊரில் ஒருவர் வீட்டு வேலைக்கு எல்லாரும் கூடுவதுதானே ஆஷார், வருகிறவர்கள் அவரவர் கருவியோடு வர வேண்டும். நான் ஆள் விட்டுச் சொல்லியாகிவிட்டது: மெலிஸ் டிரில்லோடு வருவான், ஜீபெக் ஜிக்சாவோடு வருவாள், பெரியவர் சார்ஜரோடு வருவார். யாரும் எதையும் யாரிடமும் கேட்கவில்லை. வேலையும் முடியும், மானமும் போகாது.

முடிந்ததும் எழுதுகிறேன். அவளைத் தயாராக இருக்கச் சொல்லுங்கள்.

உரும்கான்


தோக்மொக்,
அக்டோபர் 13

சம்பந்தியம்மா,

நெஞ்சைத் தொட்டுச் சொல்கிறேன். அவள் இங்கே இருப்பது எனக்குச் சுகமாகத்தான் இருக்கிறது. அவள் தும்மினால்கூடச் சந்தோஷமாக இருக்கிறது. போதுமா? இதைச் சொல்லவைத்ததற்காக உங்களை நான் சுலபத்தில் மன்னிக்கமாட்டேன்.

ஆனால் அதற்காக அவளுடைய கோபம் பொய்யாகிவிடாது. நான் அவளைப் பிடித்து வைக்கவில்லை. நீங்கள் சொன்னதை அவளிடம் அப்படியே படித்துக் காட்டினேன், என்னைப் பற்றி எழுதியதையும் சேர்த்து. ஆஷார் என்றதும் சிரித்தாள். "அத்தை கெட்டிக்காரிதான்" என்றாள். பிறகு கேட்டாள்: "வேலை முடிஞ்சதும் அவங்கவங்க பங்கை அவங்கவங்க தூக்கிட்டுப் போயிடுவாங்க. அப்புறம் ஒரு அலமாரி மாட்டணும்னா நான் மறுபடி ஊரைக் கூட்டி ஆடு வெட்டணுமா?"

இதற்குப் பதில் உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள். உங்கள் யுக்தி அறைக்கு ஆகும். அவளுக்கு ஆகாது.

ஜூரா


அத்பாஷி,
அக்டோபர் 20

சம்பந்தியம்மா,

உங்கள் கடிதம் ஆஷாருக்கு முந்தின நாள் வந்தது. படித்துவிட்டு அடுப்பில் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். போடவில்லை.

எல்லாரும் வந்தார்கள். நான் மாவு பிசைந்து போர்சோக் பொரித்து மலையாகக் குவித்திருந்தேன். பெரியவர் அசிம்பெக் சார்ஜரைப் புதுத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து தானே செருகினார். மிச்சமிருந்த ஒரு நீல பேட்டரியைத் தாலாய் அதில் வைத்தான். டீ குடித்து முடிப்பதற்குள் சார்ஜ் ஏறிவிட்டது. ஜீபெக் ஆறு மாதமாக அந்த ஜிக்சாவை மெத்தை மடிப்பில் வைத்திருந்தாளாம், ஒரு தடவைகூட அது ஓடிப் பார்த்ததில்லை. பேட்டரியைப் போட்டு அழுத்தியதும் சின்னப் பிள்ளைபோல் கத்திவிட்டாள். பலகையை அறுப்பதும், பேட்டரியைக் கழற்றி டிரில்லில் மாட்டித் துளைப்பதும், மறுபடி ஜிக்சாவுக்கு மாட்டுவதுமாக ஓடினார்கள். மெலிஸ் தன் பச்சையையும் கொண்டுவந்திருந்தான், நாலு திருகு முடுக்குவதற்குள் அது ஓய்ந்துவிட்டது. மத்தியானம் ஊரில் கரண்ட் போனது. பக்கத்து வீட்டுக்காரரின் வயர் மெஷின் அப்படியே நின்றது. நீலம் நிற்கவில்லை. ஏணி மேலிருந்தவர்கள் கீழே குனிந்து பார்த்தார்கள். "மீரிம் பாத்துதான் வாங்கியிருக்கா" என்று பெரியவரே சொன்னார். மெலிஸ் காதில் விழாத மாதிரி இருந்தான்.

வெளிச்சம் போவதற்குள் மேல்பலகையும் முடிந்தது, தரையும் முடிந்தது. கறி சாப்பிட்டோம். எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கும்தான்.

அப்புறம் அவரவர் மூட்டை கட்ட ஆரம்பித்தார்கள். பெரியவர் துண்டை உதறினார். ஷைர் டிரில்லைத் தூக்கிப் பையில் போட்டாள். தாலாய் ஒரு ஓரமாக நின்று, அந்த ஒற்றை பேட்டரியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தைப் பார்த்தேன். உங்கள் மகள் கேட்ட கேள்வி என் காதில் வந்து உட்கார்ந்துகொண்டது. பாழாய்ப்போன கேள்வி.

"எல்லாத்தையும் வெச்சுட்டுப் போங்க" என்றேன்.

யாருக்கும் புரியவில்லை. மறுபடி சொன்னேன். மெலிஸ் எழுந்து, "என்னம்மா இது, குடுத்தத திருப்பிக் கேக்கறதா?" என்றான்.

"நான் குடுத்ததுதான தப்பு. அது என்னுது இல்ல. உங்கப்பனுதும் இல்ல. அவளுது. அவள ஒரு வார்த்த கேக்கல."

என் வீட்டுக்காரர் எங்களைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவர் சார்ஜரைத் துண்டோடு புதுத் தரையில் வைத்துவிட்டு, தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே போனார். ஜீபெக் ஜிக்சாவை வைத்துவிட்டு அழுதாள். ஷைர் டிரில்லை வைக்கவில்லை, போட்டாள். தரையில் பள்ளம் விழுந்திருக்கிறது. அன்றிலிருந்து மெலிஸ் இந்தப் பக்கம் வரவில்லை. பால் வாங்கக்கூட வேறு வீட்டுக்கு ஆள் அனுப்புகிறார்களாம். கிணற்றடிக்குப் போனால் பெண்கள் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். இந்த ஊருக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து சேர்த்து வைத்த மரியாதை, ஒரே சாயங்காலத்தில் போனது.

பெட்டி முழுசாக அறையில் இருக்கிறது. செத்துப்போன பேட்டரி ஒன்று தவிர. மூக்கறுபட்டு உட்கார்ந்திருக்கிறேன். இனியாவது என் மருமகளை அனுப்புங்கள்.

உரும்கான்


தோக்மொக்,
அக்டோபர் 25

சம்பந்தியம்மா,

இதை மீரிமே கொண்டுவருகிறாள்.

உங்கள் கடிதத்தை நான் படித்துக் காட்டவில்லை. அவளே வாங்கிப் படித்தாள். நின்றுகொண்டே படித்தாள், பிறகு உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தாள். எழுந்து போய்த் துணியை மடித்தாள். "இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போயேன்" என்று வாய் வரைக்கும் வந்தது. உங்கள் முகம் ஞாபகம் வந்தது, விழுங்கிவிட்டேன்.

உங்களுக்கு ரோமக் கோட்டு ஒன்று தைத்து அனுப்பியிருக்கிறேன். தோள் அளவு தோராயம்தான். பங்கு வைத்துவிடாதீர்கள், அது உங்களுக்கு மட்டும்.

மெலிஸ் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. பேட்டரி அவர்தான் வாங்கித் தர வேண்டும், நான் அனுப்பமாட்டேன்.

இங்கே வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது.

ஜூரா


அத்பாஷி,
நவம்பர் 9

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

கோட்டு தோளில் சரியாக இருக்கிறது, வயிற்றில் கொஞ்சம் பிடிக்கிறது. குறை கோட்டில் இல்லை.

உங்கள் மகள் செய்ததைக் கேளுங்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. வந்தாள், என்னைக் கட்டிக்கொண்டாள், அறையைச் சுற்றிப் பார்த்தாள், தரையில் ஷைர் போட்ட பள்ளத்தைக் காலால் தடவிப் பார்த்தாள். பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் துடைத்து வைத்தாள். மறுநாள் தாலாயை வீடு வீடாக அனுப்பி ஒரு சேதி சொல்லச் சொன்னாள்: யாருக்கு வேண்டுமானாலும் வந்து கேட்டு எடுத்துக்கொண்டு போகலாம், வேலை முடிந்ததும் கொண்டுவந்து வைத்துவிட வேண்டும்.

நான் குதித்தேன். "இதுக்காகவா நான் ஊர் முன்னால தலை குனிஞ்சேன்? குடுக்கறதுன்னா அப்பவே குடுத்துத் தொலைச்சிருக்கலாமே" என்று கத்தினேன். அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. "அப்பவும் குடுத்திருப்பேன் அத்தை. யாரும் கேக்கலையே" என்றாள்.

முதலில் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. வரட்டும், வராமல் போகட்டும் என்று நானும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அப்புறம் ஒரு பெருங்காற்றில் மெலிஸ் வீட்டுத் தொழுவத்துக் கதவு கழன்று விழுந்துவிட்டது. கன்று உள்ளே நடுங்குகிறது, பச்சை பேட்டரி உயிரை விட்டுவிட்டது. ஷைர் வந்தாள். உள்ளே வரவில்லை, வாசற்படியில் நின்றாள். நான் மாவு பிசைந்த கையோடு அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். என்னைப் பார்க்கவில்லை அவள். இவளைப் பார்த்து, "மீரிம், டிரில்லு தருவியா?" என்று கேட்டாள்.

மீரிம் போய் எடுத்து வந்து பேட்டரியோடு கொடுத்தாள். "ஒரே பேட்டரிதான் இருக்குக்கா, பாத்து அழுத்துங்க. இன்னொண்ணு இருந்தா ரெண்டு வீட்டுக்கும் தாராளமா ஆகும்" என்றாள். வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த வாரமே மெலிஸ் நாரினுக்குப் போய்ப் புது நீல பேட்டரி வாங்கிக்கொண்டு வந்து, தானே வைத்துவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனான். ஜீபெக்கும் வந்து கேட்டாள். பெரியவர் அசிம்பெக் எவ்வளவு பெரிய மனிதர், அவர்கூட வந்து தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, வேலை இல்லாத நாளில் சார்ஜர் தன் அலமாரியில் இருக்கலாமா என்று அவளைக் கேட்டார். இருக்கலாம், ஆனால் அலமாரியைப் பூட்டக் கூடாது என்று சொல்லிவிட்டாள்.

எல்லாம் நல்லபடியாகத்தானே முடிந்தது, இவளுக்கு என்ன ஆத்திரம் என்று நினைப்பீர்கள். ஷைர் அந்த வாசற்படியில் நின்று "தருவியா" என்று கேட்டாள் பாருங்கள், அப்போதுதான் எனக்கு ஆத்திரம் பிடித்தது. பிசைந்த மாவை அப்படியே விட்டுவிட்டு வெளியே போய் நின்றுகொண்டேன். யார் மேல் கோபம் என்றே முதலில் தெரியவில்லை.

நான் இந்த வீட்டுக்கு வந்தபோது என் அம்மா சீரில் ஒரு தையல் மெஷின் வைத்தாள். கையால் சுற்றுகிற சின்ன மெஷின். எனக்குத் தைக்க ரொம்ப ஆசை. பெட்டி திறந்த அன்றைக்கே அது ஜீபெக் பங்குக்குப் போனது. தலையை மூடிக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை. அதற்கப்புறம் அதைப் பற்றி நான் யாரிடமும் பேசியதில்லை. மறந்துவிட்டேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இத்தனை நாள் கழித்து என் மருமகளைக் கேட்கிறார்கள், சம்பந்தியம்மா. அவள் சந்தோஷமாக இருக்கட்டும், எனக்கு அதில் பொறாமை இல்லை. ஆனால் என்னை ஏன் கேட்கவில்லை?

நேற்று என் வீட்டுக்காரருக்கு டீ ஊற்றிக் கொடுத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டேன். "ஏங்க, என் தையல் மெஷினத் தூக்கி உங்க தங்கச்சிக்குக் குடுத்தப்போ என்னை ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

அவர் என்னைப் பார்த்தார். டீயைப் பார்த்தார். குடித்து முடித்துவிட்டு, மாட்டைப் பார்க்கிறேன் என்று எழுந்து போய்விட்டார். போகட்டும். சாப்பாட்டுக்கு வந்துதானே ஆக வேண்டும், மறுபடி கேட்பேன்.

உரும்கான்